இது, உது, அது

அன்றைக்குக் குசினிக்குள் இருந்த ஆட்களைச் சொல்கிறேன்.

கல்விக் கந்தோரில் இருந்து வந்த அதிகாரி ஒருவர், கந்தோர்ச் சேர். அவருக்குக் கதிரை போட்டிருந்தது. பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூட அதிபர், நின்றபடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர், பாயில். அந்த ஒன்பதில் ஒருத்தி என் மகள். அடுப்படியில் நான், சோறு கொதிக்கிறபடியால் விட்டுப் போக முடியாமல். முகட்டில் ஒரு பல்லி. சாமான் வைக்கிற மேசைக்குப் பின்னால் அந்த ரீச்சர்.

மேசையில் ஒரு அகலக் கோப்பையில் தண்ணீர், ஒரு ஜாம் போத்தல், ஒரு துண்டு மெழுகுதிரி.

பாடம் குசினிக்குள் நடந்ததற்குக் காரணம் காற்று. எங்கள் பள்ளிக்கூடம் வல்வெட்டித்துறைக்கும் உடுப்பிட்டிக்கும் இடையில் வெட்டவெளிப் பக்கம் இருக்கிறது. கடற்காற்று வகுப்புக்குள் ஒரு பக்கத்தால் வந்து மற்றப் பக்கத்தால் போகும். திரி நிற்காது. கந்தோர்ச் சேரும் வகுப்பில் இரண்டு தரம் அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் குசினிக்கு எழும்பி வந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். ரீச்சரின் படிப்பைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் தொண்டராசிரியராக நின்றவர் என்பது தெரியும். தொண்டர் என்றால் படிப்பிக்கலாம், ஆனால் வேலை தன்னுடையது இல்லை. நிரந்தர நியமனம் வர வேண்டும். அதற்குக் கந்தோர் ஆள் ஒருவர் வந்து ஒரு பாடம் முழுக்க இருந்து பார்த்து, நல்லது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாலு வருசமாக ரீச்சர் அந்தத் தாளுக்காக நின்றார். வீட்டில் தகப்பன் படுக்கை. வேறு வருமானம் இல்லை.

ரீச்சர் முதல் முதல் குசினிக்கு வந்தது மஞ்சள் கேட்டு.

"அக்கா, ஒரு கரண்டி மஞ்சள் தாங்கோ."

"கறிக்கே காணாது ரீச்சர்."

"அரைக் கரண்டி."

கொடுத்தேன். பிள்ளைகளின் உள்ளங்கையில் பூசி, சவர்க்காரத் தண்ணீர் தொட்டு எழுத வைத்தார். எழுத்து சிவப்பாக வந்தது. பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்கள்.

"உது எனக்குத் தெரியும்," என்றேன். "சுண்ணாம்பு போட்டாலும் சிவக்கும். ஆராத்திக்குக் கரைக்கிறனாங்கள்."

"ஏன் சிவக்குது எண்டு தெரியுமோ அக்கா?"

"தெரியாது. சிவக்கும்."

"நீங்கள் கண்டனீங்கள் தானே. அது காணும்."

அதுதான் அவர். கண்டால் காணும், அதுவே போதும். காணாவிட்டால் வாயைத் திறக்க மாட்டார்.

பிள்ளைகளின் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல் கீறுவித்தார். ஒன்றுக்குத் தலைப்பு 'இது'. ஒன்றுக்கு 'உது'. ஒன்றுக்கு 'அது'. இது என்றால் நான் என் கண்ணால் கண்டது. உது என்றால் எனக்கு முன்னால் நிற்கிற ஆள் சொன்னது. அது என்றால் தூரத்தில் இருக்கிறது, புத்தகத்தில் உள்ளது. எங்கள் பக்கத்தில் எல்லாரும் கதைக்கிற சொற்கள்தான். கதைக்கிற ஆளுக்குக் கிட்டக் கிடக்கிற சாமானை உது என்போம். ஆனால் அதே சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ஏளனமாகப் போகும். 'உதென்ன கதை' என்று கேட்டால் அது சண்டைக்குத் தொடக்கம். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் போய்விட்டது. அவர்களுக்கு உது ஒரு நிரல்.

செவ்வாய்க்கிழமை முட்டை நாள். நான் முட்டைகளை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் அவிப்பேன். ஒருநாள் நாலு மிதந்தது. எறிய எடுத்தேன்.

"ஏன் அக்கா எறியிறீங்கள்?"

"மிதந்தது. கூழ்முட்டை."

"உடைச்சுப் பாத்தனீங்களோ?"

"உடைக்க என்ன கிடக்கு. நாறும்."

"முந்தி எப்பவாவது உடைச்சனீங்களோ?"

"இல்லை. அம்மா சொன்னவ."

"அப்ப உடைப்பம்."

கிணற்றடிக்குப் பின்னால் நாலு சிரட்டை வைத்து நாலையும் உடைத்தார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். மூன்று நாறியது. நாலாவது நாறவில்லை. மஞ்சட்கரு கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தச் சிரட்டையை என்னிடம் தந்து பொரிக்கச் சொன்னார். உப்பும் மிளகும் போட்டு, ஒன்பது பிள்ளைகளுக்கும் முன்னால் நின்று தின்றார்.

"பழசுதான். பழுதில்லை," என்றார்.

அடுத்த நாள் காலை ஒன்பது பேரும் கேற்றடியில் நின்றார்கள், ரீச்சர் வருவாரோ என்று பார்க்க. சைக்கிளில் வந்தார். அதையும் கொப்பியில் எழுதினார்கள், 'இது' நிரலில்.

அதிபர் நல்ல மனுசன். காலையும் மாலையும் திருநீறு பூசுகிறவர். அவர் ஏதும் கதைக்கையில் பல்லி சொன்னால் மேசையில் விரலால் மூன்று தரம் தட்டி, "பாத்தியளோ, உண்மை," என்பார். ரீச்சர் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டார். பல்லி சொல்கிற நேரம் யார் என்ன சொன்னார்கள், பிறகு அது நடந்ததா என்று எழுத வேண்டும். இரண்டாம் கிழமை அதிபருக்குத் தெரிய வந்தது.

"என்ன பிள்ளை, பல்லியையும் சோதினைக்கு இருத்தப் போறீரோ?"

"ஓம் சேர். அதுவும் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கா வாறதுதானே."

அதிபர் சிரித்துவிட்டார். பல்லி எத்தனை புள்ளி எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன்.

எல்லா நேரமும் ரீச்சரோடு இருப்பது இலேசு இல்லை. என் மனுசன் கட்டாரில் வேலை. அந்த வருசம் கோயில் தேருக்கு வாறன் என்று சொல்லியிருந்தார். நான் ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரீச்சரிடமும் சொன்னேன்.

"ரிக்கற் போட்டாச்சோ அக்கா?"

"வாறன் எண்டவர்."

"அப்ப உது. வந்தாப் பிறகு இது."

பகிடியாகச் சொல்லவில்லை. நிரல் பிரித்துச் சொன்னார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் சம்பல் குறைத்து வைத்தேன். அவருக்கு அது விளங்கியதோ தெரியாது. வைத்ததைச் சாப்பிட்டார்.

தேருக்கு மனுசன் வரவில்லை. ரீச்சர் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஏச ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

மெழுகுதிரிப் பாடம் தொடங்கியது கரண்ட் அடிக்கடி போன காலத்தில். எல்லா வீட்டிலும் எரிந்து மிஞ்சிய துண்டுத் திரி கிடந்தது. பிள்ளைகள் பையில் போட்டுக் கொண்டு வந்தார்கள். கோப்பையில் திரியை நிறுத்திக் கொளுத்தி, தண்ணீர் விட்டு, ஜாம் போத்தலைக் கவிழ்த்து மூடுவது. திரி கொஞ்ச நேரம் எரிந்து அணையும். அணைந்தவுடன் போத்தலுக்குள் தண்ணீர் தானாக மேலே ஏறும். முதல் தரம் பார்த்தபோது நானும் அகப்பையை வைத்துவிட்டுக் கிட்டப் போனேன்.

போத்தலில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. அதை ஐந்து பங்காகக் கோடு கீறியிருந்தார்கள். தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறும் என்று பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்தது. வளியில் ஐந்தில் ஒன்று ஒட்சிசன், திரி அதைத் தின்றுவிடுகிறது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று.

ஏறியது. ஆனால் முதல் கோட்டுக்கு வரவில்லை. அடுத்த நாள் கோட்டைத் தாண்டிப் போனது. அதற்கு அடுத்த நாள் வேறு ஒரு இடம்.

ரீச்சர் போத்தலை மாற்றிப் பார்த்தார். கெதியாக மூடிப் பார்த்தார், மெல்ல மூடிப் பார்த்தார். ஒவ்வொரு தரம் செய்ததுக்கும் என் குசினிச் சுவரில் ஒரு பிள்ளை கரிக்கட்டியால் ஒரு கோடு போடும். தண்ணீர் சரியாக ஐந்தில் ஒன்றில் வந்து நின்றால் மட்டும் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். வகுப்புச் சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தது, அதில் கை வைக்க அதிபர் விடார். குசினிச் சுவரை ஒருவரும் பார்ப்பதில்லை.

குமிழைக் கண்டது என் மகள்தான்.

"ரீச்சர், மூடேக்கை போத்தல் வாயடியிலை குமிழ் வருது."

"எங்கை, திரும்பச் செய். ஓம். வருது. எல்லாரும் பாருங்கோ."

இரண்டு திரி வைத்துப் பார்த்தார்கள். குமிழ் கூடுதலாக வந்தது. தண்ணீரும் கூடுதலாக ஏறியது.

"போத்திலுக்குள்ளை இருக்கிற வளி அதே அளவுதானே ரீச்சர்," என்றாள் மகள். "பிறகென்னெண்டு கூட ஏறினது?"

"சூட்டிலை வளி பெருத்து வெளியாலை போகுது. பிறகு ஆற, தண்ணி உள்ளுக்கு வருது எண்டு நினைக்கிறன். நினைக்கிறன் எண்டுதான் சொல்லுறன். எழுதாதேங்கோ."

ஒரு பிள்ளை கேட்டது, சோதினைக்கு எதை எழுதுவது என்று.

"சோதினையிலை 'அது'வை எழுதுங்கோ. அவை கேக்கிறது அதைத்தான். கொப்பியிலை 'இது'வை எழுதுங்கோ."

பிள்ளைகளுக்கு அவர் வழி விட்டார். தனக்கு விடவில்லை.

கந்தோர்ச் சேர் வருகிற செய்தி ஒரு கிழமைக்கு முதலே வந்தது. அதிபர் ரீச்சரைக் கூப்பிட்டு, வேறு பாடம் எடும், மஞ்சட்பாடம் எடும், வடிவாயிருக்கும் என்றார். கந்தோர்ச் சேர் வந்து பாடத்திட்டத்தைப் புரட்டி, மெழுகுதிரிதான் வேண்டும் என்றார். அவரிலும் பிழை சொல்ல முடியாது. சோதினை கிட்ட. அந்தக் கேள்வி வரும்.

குசினிக்குள் வந்து இருந்து, முன்வரிசையில் இருந்த என் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, தண்ணி எவ்வளவு ஏறும்?"

"ஏறினாப் பிறகு சொல்லுறன் சேர்."

சிரித்தார். "கெட்டிக்காரி. புத்தகத்திலை என்ன கிடக்கு?"

"ஐஞ்சிலை ஒண்டு சேர்."

"அப்ப ஐஞ்சிலை ஒண்டுதானே ஏறும்."

மகள் கொப்பியைப் பார்த்தாள். நிரலைத் தேடுகிறாள் என்று எனக்கு விளங்கியது. அகப்பையை உயர்த்திக் காட்டினேன், பேசாதே என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"புத்தகத்திலை இருக்கிறது அது சேர். நீங்கள் சொன்னது உது."

கந்தோர்ச் சேர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். சோறு கொதித்தது.

"என்ன சொன்னனி? நான் சொன்னது உதோ?"

"ஓம் சேர். உது."

அதிபர் முகத்தைத் துடைத்தார். ரீச்சர் ஒரு அடி முன்னுக்கு வந்தார்.

"பிள்ளை மரியாதையில்லாமச் சொல்லேல்லை சேர். கொப்பியிலை மூண்டு நிரல் இருக்கு. ஆக்கள் சொல்லுறதை உதுவெண்டு எழுதுவினம். நான் சொன்னாலும் உதுதான்."

"எழுத்திலை உதுவெண்டு ஒரு சொல்லை எங்கை கண்டனீர்? சரி. செய்யும், பாப்பம்."

ரீச்சர் திரியைக் கொளுத்தினார். போத்தலைக் கவிழ்த்தார். திரி சிணுங்கி அணைந்தது. தண்ணீர் ஏறியது. ஏறிக்கொண்டு போய், முதல் கோட்டில் நின்றது. மேலே ஒரு மயிரிழை இல்லை, கீழே ஒரு மயிரிழை இல்லை. வேண்டிக்கொண்டு செய்தாலும் அப்படி வராது.

அதிபர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கந்தோர்ச் சேரின் முகம் தெளிந்துவிட்டது. மடியில் இருந்த கடதாசிக் கோவையைத் திறந்து பேனையை எடுத்தார். "பாத்தீரோ. இவ்வளவுதான் விசயம். இப்ப பிள்ளையளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிப் பாடத்தை முடியும்."

அந்த வசனம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆகவே வளியில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன் என்பது இதனால் தெரிகிறது. அவ்வளவுதான். நான்கூடச் சொல்லியிருப்பேன்.

ரீச்சர் போத்தலைப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார்.

"கோடு போடு. வட்டமும் போடு."

மகள் எழும்பிப் போய்ச் சுவரில் போட்டாள். கந்தோர்ச் சேர் அப்போதுதான் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சேர், வளியிலை அவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது சரியா இருக்கலாம்," என்றார் ரீச்சர். "ஆனா அதை இந்தப் போத்தல் காட்டேல்லை. இண்டைக்கு வந்து நிண்டது. எல்லா நாளும் நிக்காது."

சொல்லிக்கொண்டே போத்தலைத் தூக்கி, இன்னொரு துண்டையும் நிறுத்தி, இரண்டு திரியையும் கொளுத்தி, திரும்ப மூடினார். தண்ணீர் இரண்டாம் கோட்டுக்குக் கிட்டப் போனது.

"நான் ரெண்டு திரி கேக்கேல்லை," என்றார் கந்தோர்ச் சேர்.

"ஓம் சேர். நீங்கள் கேக்கேல்லை."

பேனையை மூடினார். முகட்டில் பல்லி சொன்னது. அதிபரின் கை தன்பாட்டில் மேசைக்குப் போய்த் தட்டாமல் நின்றது. பின்வரிசையில் ஒரு பிள்ளை தாளை எடுத்து எழுதியது.

மகள் இரண்டாவது கோட்டையும் போட்டாள், வட்டம் இல்லாமல்.

அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது.

கந்தோர்ச் சேர் எழுதிக் கொடுத்ததை அதிபர் சொல்லித்தான் தெரியும். மாணவரிடம் மரியாதை காணாது. பாடம் முடிவுக்கு வரவில்லை. அந்த முறை நியமனத்துக்கு ரீச்சரின் பெயர் போகாது.

அதிபர் விடவில்லை. அடுத்த நாளே ஒரு கடிதம் எழுதினார். பிள்ளை விளங்காமல் கதைத்துவிட்டது, ஆசிரியை பாடத்தின் கடைசியில் உரிய முடிவைச் சொன்னார், சேர் எழும்பிய அவசரத்தில் அது கேட்கவில்லை என்று. கீழே மூன்று பேருக்கு இடம். அதிபர், ரீச்சர், அங்கே நின்ற ஆள் என்று நான்.

"பிள்ளை, உம்மடை மகளின்ரை வாயாலை வந்தது," என்றார் என்னிடம். "ஒரு கையெழுத்துத்தானே."

வைத்தேன். எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ரீச்சர் குசினிக்கு வந்தபோது கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடி வாசித்தார். இரண்டு தரம்.

"அக்கா, நான் அந்த வசனத்தைச் சொன்னனானோ?"

"இல்லை."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"பிறகு?"

"உங்களுக்கு வேலை வேணும்."

"ஓம். வேணும்."

கடிதத்தை மூன்றாம் தரமும் வாசித்தார். நான் பார்க்காதது போல வெங்காயம் உரித்தேன். பிறகு நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"மகளை ஏசிப் போடாதேங்கோ. அவள் சொன்னது சரி."

"ஏசியாச்சு."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ, பிழையா ஏசினது எண்டு."

கடிதத்தை அடுப்பில் வைத்தேன். அதிபர் வந்து கேட்டபோது எரிந்துவிட்டது என்றேன். எப்படி எரிந்தது என்று அவர் கேட்கவில்லை.

"ஒரு வசனம்," என்றார். "வாயாலை ஒரு வசனம். காத்தோடை போயிருக்கும்."

மகளிடம் சொன்னேன், பிழையாக ஏசினது என்று. "ரீச்சர் சொல்லச் சொன்னவவோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அப்ப உது," என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

பள்ளிக்கூடத் தவணை முடியும் மட்டும் ரீச்சர் வந்தார். கடைசி நாளும் பாடம் எடுத்தார், உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கிற பாடம். நல்ல முட்டை. அதைத் தின்ன மூன்று பேர் தங்களுக்குள் அடிபட்டார்கள். போகும்போது ஜாம் போத்தலை என்னிடம் தந்தார். "மூடியும் கிடக்கு. ஊறுகாய் போடுங்கோ," என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றைத் தாண்டினார். திரும்பிப் பார்த்தாரோ தெரியாது. நான் பார்க்கவில்லை.

மகள் இப்போது நெல்லியடியில் படிக்கிறாள். சோதினையில் ஐந்தில் ஒன்று என்று எழுதிப் புள்ளி எடுத்தாள்.

போன கிழமை போன் வந்தது. குரலைக் கேட்ட உடனே தெரிந்தது.

"அக்கா, சுகமோ? ஒரு உதவி."

"நியமனம் வந்ததோ ரீச்சர்?"

"இல்லை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு முன்பள்ளியிலை நிக்கிறன். சின்னனுகள். திரியும் போத்திலும் இப்பதான் தொடங்கினது. சுவர் கிடக்கோ?"

"கிடக்கு. நாளைக்குச் சுண்ணாம்படிக்க வேணும் எண்டு அதிபர் சொன்னவர்."

"அடிக்க முதல் எண்ணிச் சொல்லுங்கோ. இஞ்சத்தைப் பிள்ளையளுக்குச் சொன்னன், நாங்கள் ஒண்டிலை இருந்து தொடங்கேல்லை, முந்திக் கிடக்கிறதோடை சேக்கிறம் எண்டு."

"ஒரு நாப்பது வரும் ரீச்சர்."

"அக்கா."

"சரி. எண்ணிச் சொல்லுறன்."

அடுத்த நாள் விடிய வெள்ளெனப் போனேன். சுண்ணாம்பைக் கரைத்து வைத்தேன். ஜாம் போத்தலில் ஊறுகாய் போடவில்லை, அது சுவர்த் தட்டில் இருந்தது. கடதாசித் துண்டும் அதில் ஒட்டியபடி. கோப்பையில் தண்ணீர் விட்டு, ஒரு துண்டுத் திரியைக் கொளுத்தி மூடினேன். தனியாகச் செய்தது அதுதான் முதல் தரம். குமிழ் வந்தது. திரி அணைந்தது. தண்ணீர் ஏறி, முதல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். கீழேதான்.

கரிக்கட்டி எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட்டேன். வட்டம் போடவில்லை.

பிறகு எண்ணினேன். ஒருதரம் இடமிருந்து, ஒருதரம் வலமிருந்து.

கோடு நாற்பத்தொன்று. வட்டம் மூன்று.